பென்சிலுக்கு முன்னால் துணி கிளிப்

மதுரையிலிருந்து ஓர் அம்மா:

பையனுக்கு ஆட்டிசம். யுகேஜியில் மற்ற பிள்ளைகள் அ, ஆ எழுதும்போது இவன் பென்சிலை முஷ்டியில் பிடித்து நோட்டைக் கிழிப்பான், இல்லாவிட்டால் தொடவே மாட்டான். இப்படிப்பட்ட பிள்ளைக்கு எழுத வைக்கத் தெரபியில் என்னதான் செய்வார்கள் என்று இங்கே ஒரு தோழி கேட்டிருந்தார். எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எழுதுவது, உடுத்துவது மாதிரி அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவர்) முதலில் பார்த்தது விரலை இல்லை, அவன் உட்காரும் விதத்தை. நாற்காலியில் கால் எட்டாமல் தொங்கியது. அடியில் ஒரு மணைப்பலகை போடச் சொன்னார். பென்சிலைக் கொஞ்ச காலம் கண்ணில் காட்டவே வேண்டாம் என்றார். மாமியாருக்குக் கோபம், ஃபீஸ் வாங்கிக்கொண்டு விளையாட விடுகிறாள் என்று!

மொட்டை மாடிச் சுவரில் தண்ணீரும் பெயின்ட் பிரஷுமாகக் கோடு இழுத்தான். நின்றபடி சுவரில் எழுதினால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வலு வருமாம். சாயங்காலம் கொடியில் துணி கிளிப் மாட்டுவது அவன் வேலை. பல்லாங்குழிக்குச் சோழி வழுக்கியதால் புளியங்கொட்டை. நாலைந்தை உள்ளங்கையில் அடக்கி, ஒவ்வொன்றாக விரல் நுனிக்குத் தள்ளிக் குழியில் போட வேண்டும். பார்க்கச் சுலபம், அவனுக்கு வேர்த்துவிடும். சப்பாத்தி மாவின் பிசுபிசுப்பு பட்டாலே கத்துவான். மாவை பாலிதீன் கவரில் கட்டிக் கொடுத்தோம், அமுக்கோ அமுக்கென்று அமுக்கினான்.

பிறகு கிரேயான், அதுவும் உடைத்த துண்டு. சின்னத் துண்டை முஷ்டியில் பிடிக்க வராது, மூன்று விரலும் தானாகச் சேரும். எழுத்தில் முதலில் ட, அப்புறம் ப. நேர்கோடுகள்தானே. சுழியும் வளைவுமான அ, இ எல்லாம் ரொம்பப் பின்னால். கையைப் பிடித்து எழுத வைக்காதீர்கள், அது நம் கை எழுதுவதுதான். தேவைப்பட்டால் முழங்கையை லேசாகத் தாங்குங்கள் என்பார் தெரபிஸ்ட். அவனாக எழுதிய முதல் சொல் 'படம்'. ம் மேல் வைத்த புள்ளி அடுத்த பக்கம்வரை ஓட்டை.

கோவையிலிருந்து ஓர் அப்பா:

நன்றி சிஸ்டர். என் மகள் பத்தாம் வகுப்பு, சிபிஎஸ்இ. நாங்களும் இதெல்லாம் செய்தோம், எழுத்து வந்தது, வேகம் வரவில்லை. அரைப் பக்கத்தில் கை வலித்து அழுவாள். பள்ளியில் சிலர் இதைச் சோம்பேறித்தனம் என்றார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது. போர்டு தேர்வுக்கு ஸ்கிரைப் (பிள்ளை சொல்லச் சொல்ல எழுதுபவர்) கேட்கலாம், 3 மணி நேரப் பரீட்சைக்கு 1 மணி நேரம் கூடுதலாகவும் உண்டு. சான்றிதழ், விண்ணப்பம் எல்லாவற்றையும் முன்கூட்டியே பள்ளி மூலம் கொடுங்கள், கடைசி நேரத்தில் அலைய முடியாது.

என் கருத்து, ஓரளவுக்கு மேல் கையெழுத்துக்காகப் பிள்ளையை வதைக்க வேண்டாம். இவள் இப்போது தமிழிலேயே டைப் செய்கிறாள், கட்டுரை பக்கம் பக்கமாக வருகிறது. பேனாவில் நாங்கள் விடாமல் பழக்குவது கையொப்பம் மட்டும், நாளைக்கு பேங்கில் வேண்டுமே. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஜன்னல் மாதிரி ஒரு நீளக் கட்டம் வெட்டி, தாள்மேல் வைத்துவிடுவோம். அட்டை விளிம்பு பேனாவைத் தடுக்கும், பெயர் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.