பழைய பித்தளை நிறமாலைகாட்டியில் நீளவாக்கில் கருங்கோடுகள்: என்ன செய்யலாம்?

பித்தளைக்குழல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கிய, விரல் நீளமே உள்ள நேர்நோக்கு நிறமாலைகாட்டி (ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவி) ஒன்று என்னிடம் இருக்கிறது. விக்டோரியா காலத்துப் பித்தளை வேலைப்பாடு. செய்தவர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஒரு முனையில் கண் வைக்கும் துளையும், மறு முனையில் வளையத்தைத் திருகினால் விரியவும் ஒடுங்கவும் செய்யும் பிளவும் உள்ளன. பிளவு இருக்கும் உள்குழல் வெளிக்குழலுக்குள் நகர்கிறது.

வீட்டு எல்.இ.டி. விளக்கை நோக்கிப் பிடித்தால் நிறங்கள் நன்றாகத் தெரிகின்றன. ஆனால், பிளவை ஒடுக்கியதும் சிவப்பிலிருந்து ஊதா வரை நிறமாலையின் நீளவாக்கில் மெல்லிய கருங்கோடுகள் பல ஓடுகின்றன. குறுக்கே தெரிய வேண்டிய கருவரிகளான பிரான்ஹோபர் வரிகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, நிறமாலையின் கீழ்ப்பாதி எப்போதும் இருண்டே கிடக்கிறது. கண் பக்கத்திலிருந்து சாய்த்துப் பார்த்தால் முப்பட்டகத்தின் ஒரு மூலையில் இறகு போன்ற பளபளப்பும் காணப்படுகிறது. முப்பட்டகங்களை வெளியே எடுத்துச் சாராயக்கரைசலில் கழுவி, பித்தளையையும் மெருகேற்றிவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன். செய்யலாமா?

பட்டறைக்காரர்:

ஒட்டு விட்டுவிட்டது என்பதற்கு அந்த இறகே சான்று. பின்பக்க வளையத்தைக் கழற்றி, முப்பட்டகத் தொகுதியை வெளியே தள்ளி, பழைய பிசினை அசிட்டோனில் கரைத்து, புற ஊதா ஒளியில் இறுகும் புதுப்பசையால் ஒட்டிவிடுங்கள். நுண்ணோக்கி வில்லைகளுக்கு இப்படித்தான் செய்கிறோம்.

அரக்குப்பூச்சு:

பட்டறைக்காரர் ஐயா சொன்ன முறை இரண்டே கண்ணாடிகள் ஒட்டிய வட்ட வில்லைக்குப் பொருந்தும்; இங்கே பொருந்தாது என்பது என் கருத்து. நேர்நோக்குக் கருவிக்குள் இருப்பது ஒற்றை முப்பட்டகம் அன்று. இத்தாலியரான அமீச்சி வகுத்த அமைப்பின்படி, கிரவுன் கண்ணாடியும் அடர்ந்த பிளின்ட் கண்ணாடியும் மாறிமாறி, பொதுவாக மூன்றோ ஐந்தோ ஏழோ துண்டுகளாக, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் கனடா பால்சம் என்னும் தெளிந்த மரப்பிசினால் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு கண்ணாடி தரும் மஞ்சள் ஒளியின் விலகலை மறு கண்ணாடி ஈடுகட்டிவிட, நிறப்பிரிகை மட்டும் எஞ்சி நிற்பதால்தான் ஒளி நேர்கோட்டிலேயே வெளிவருகிறது. அந்த வரிசையில் ஒரு துண்டு சிறிது சாய்ந்து ஒட்டினாலும் இந்த ஈடு கெட்டுவிடும். துண்டுகளைச் சரியான கோணத்தில் நிறுத்தும் அச்சுச்சட்டம் இல்லாமல் வீட்டு மேசையில் அதைத் திரும்ப அமைப்பது எளிதல்ல. மேலும், மூலையில் தோன்றும் இறகு ஒளி செல்லும் நடுப்பகுதியைத் தொடாதவரை பார்வையைக் கெடுக்காது.

சாராயத்தை அருகிலேயே கொண்டுவர வேண்டாம். அக்காலப் பித்தளைக் கருவிகளின் பொன்னிறம் உலோகத்தின் நிறம் மட்டுமன்று. சாராயத்தில் கரைத்த அவலரக்கை (ஷெல்லாக்) சூடான உலோகத்தின்மேல் தூரிகையால் பூசிய மெருகு அது. எதில் கரைத்துப் பூசினார்களோ அதிலேயே அது கரைந்துபோகும். மெருகுப் பசையும் அதையே உராய்த்து எடுத்துவிடும். உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும். குழல் இறுகியிருந்தால் அடுப்பிலோ வெந்நீரிலோ காட்டாதீர்கள், பால்சம் இளகிவிடும், கைச்சூடே போதுமானது.

நிறவரி:

நீங்கள் எழுதிய குறைகளில் இரண்டு குறைகளே அல்ல.

முதலாவது, எல்.இ.டி. விளக்கில் பிரான்ஹோபர் வரிகள் தெரியவே தெரியாது. அவை சூரியனின் மேலடுக்கு வாயுக்கள் உறிஞ்சிய ஒளியின் சுவடுகள். ஆகவே சூரிய ஒளியில்தான் இருக்கும். பகலில் வெண்மேகத்தையோ வெளிர் வானத்தையோ நோக்கிப் பிடியுங்கள். சூரியனை நேராக நோக்குவது கண்ணுக்குக் கேடு, ஒருபோதும் செய்யாதீர்கள்.

இரண்டாவது, அந்த இருண்ட கீழ்ப்பாதி. பிளவின் முன்னால் அதன் பாதியை மறைத்தபடி ஒரு சிறு கண்ணாடித் துண்டு இருக்கிறதா, குழலின் பக்கவாட்டில் ஒரு துளையோ குட்டி ஆடியோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஒப்பீட்டு முப்பட்டகம். பக்கவாட்டில் வைக்கும் வேறொரு விளக்கின் ஒளியைத் திருப்பிப் பிளவின் பாதிக்குள் செலுத்துவதே அதன் வேலை. பக்கத்தில் ஒளி இல்லையென்றால் அந்தப் பாதி இருளத்தான் செய்யும். 1865-இல் ஹென்றி கிளிஃப்டன் சார்பி, லண்டன் கருவியாளர் ஜான் பிரௌனிங்குடன் சேர்ந்து உருவாக்கிய நுண்ணோக்கி நிறமாலைகாட்டியிலும் இதே ஏற்பாடு உண்டு. இரத்தக் கறையை அறிந்த மாதிரியோடு மேலும் கீழுமாக வைத்து ஒப்பிட அது உதவியது.

மூன்றாவதான நீளவாக்குக் கருங்கோடுகள்தாம் உண்மையான குறை, அதுவும் முப்பட்டகத்தில் இல்லை. பிளவின் இடுக்கில் ஒரு தூசி ஒட்டினால், அந்த உயரத்தில் எந்த நிற ஒளியும் நுழைய முடியாது. எனவே அந்தத் தூசி சிவப்பு முதல் ஊதா வரை ஒரே கோடாக நீள்கிறது. பிளவை அகலமாக்கினால் கோடுகள் மறைகின்றனவா என்று பாருங்கள். மறைந்தால் ஐயமே இல்லை. பிளவை நன்கு விரித்து, சீவிக் கூராக்கிய தீக்குச்சியின் மென்மரத்தைத் தாடைகளின் இடையே ஒரே திசையில் மெதுவாக இழுங்கள். ஊசி, பிளேடு போன்ற உலோகம் எதுவும் கூடாது. தாடைகள் ஒன்றோடொன்று இறுகும்படி வளையத்தைத் திருகி மூடவும் கூடாது, விளிம்பு நசுங்கிவிடும். விளிம்பில் பொளி விழுந்திருந்தால் கோடு கருப்பாகத் தெரியாது, அவ்விடத்தில் பிளவு அகன்றிருப்பதால் பளிச்சென்று தெரியும். கருங்கோடு துடைத்தால் போகும், வெண்கோடு போகாது.

பித்தளைக்குழல்:

மிக்க நன்றி. பிளவின் முன்னால் நகத்தில் பாதியளவு கண்ணாடித் துண்டு இருக்கிறது. பக்கவாட்டில் மெழுகுவர்த்தியைப் பிடித்ததும் கீழ்ப்பாதி ஒளிர்ந்தது. தீக்குச்சியால் துடைத்தபின் கருங்கோடுகளில் ஒன்று மட்டும் மங்கலாக எஞ்சியிருக்கிறது. வெண்மேகத்தில் பச்சையிலும் நீலத்திலும் வரிகள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால், மஞ்சளில் இரட்டையாக இருக்க வேண்டிய சோடியத்தின் டி வரி ஒன்றாகவே தெரிகிறது, சிவப்பு முனையில் ஒன்றும் இல்லை. 1868-இல் ஆங்கில வானியலாளர் லாக்கியர், பிரௌனிங் செய்த கருவியில் கண்ட ஹீலிய வரியை இதில் பார்க்க முடியுமா?

நிறவரி:

சாதாரணப் பகலொளியில் முடியாது. சுமார் 587.6 நானோமீட்டரில் உள்ள அந்த மஞ்சள் வரி சூரிய விளிம்பின் தீச்சுடர்களில் ஒளிர்வரியாகத் தோன்றுவது. அவ்வாண்டு ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது, சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து அத்தகைய மஞ்சள் வரியைக் குறித்துவைத்தார். கிரகணம் இல்லாத நாளில் அதைப் பிரித்துக் காட்ட நிறப்பிரிகை மிகுந்த பெரிய கருவியும் தொலைநோக்கியும் வேண்டும்.

டி வரியின் இரு கூறுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் இருப்பதால் இடைவெளி மிகக் குறைவு. பிளவை ஒளி மங்கத் தொடங்கும் அளவுக்கு ஒடுக்கி, உள்குழலை மயிரிழை அளவில் நகர்த்திப் பாருங்கள்; ஏழு துண்டுக் கருவியானால் பிரியக்கூடும், மூன்று துண்டானால் எதிர்பார்க்க வேண்டாம். சிவப்புக்கும் ஊதாவுக்கும் குவியம் ஒன்றாக இராது. பச்சைக்குச் சரிசெய்த நிலையிலிருந்து உள்குழலைச் சற்று வெளியே இழுத்தால், 656.3 நானோமீட்டரில் உள்ள, ஹைட்ரஜனின் சி வரி சிவப்பில் தெளிவடையும்.

அரக்குப்பூச்சு:

ஊதா முனையில் உள்ள, கால்சியத்தின் எச், கே வரிகள் மங்கலாக இருந்தால் அதற்காகக் குழலைப் பிரிக்கத் துணியாதீர்கள். அடர்ந்த பிளின்ட் கண்ணாடியும், பல்லாண்டுகளில் மஞ்சளித்த பால்சமும் அந்தப் பக்கத்து ஒளியை ஓரளவு விழுங்கவே செய்யும். எஞ்சிய ஒற்றைக் கோட்டுக்குப் புதிதாகச் சீவிய இன்னொரு தீக்குச்சி போதும்.