அறிவொளி காலத்துப் படம், பாடப் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். எங்கள் அப்பத்தா தவறி வரும் தை மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. 1991-ல் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் வந்தபோது, எட்டாவது மட்டுமே படித்திருந்த அவர் கீரனூர் பக்கம் எங்கள் ஊரில் தொண்டராகச் சேர்ந்து, பகலெல்லாம் நடவு, களை என்று போய்விட்டு, ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் கல் உடைக்கும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் சைக்கிள் பழகினார்களே, அதில் அப்பத்தாவும் ஒருவர். தாத்தாவின் பார் வைத்த சைக்கிளில் விழுந்த தழும்பு கடைசி வரை முழங்காலில் இருந்தது, கேட்டால் பெருமையாகத் தொட்டுக் காட்டுவார். அப்புறம் ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் எங்கள் திண்ணைதான்.

அவர் பெட்டியில் ஒரே ஒரு நோட்டு இருந்தது. ஒரு பக்கம் 23 பேரின் கைநாட்டு, அடுத்த பக்கம் அதே 23 பேரின் கோணல்மாணலான கையெழுத்து. படம் ஒன்றுகூட இல்லை.

நினைவு நாளுக்குச் சின்னப் புத்தகம் போடுகிறோம். சைக்கிள் பழகிய படமோ, இரவு வகுப்புப் படமோ, அந்தக் காலப் பாடப் புத்தகமோ உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் போனில் எடுத்து அனுப்புங்கள், போதும். அப்போது தொண்டராக இருந்தவர்கள் பேச முடியுமென்றால் நானே வீட்டுக்கு வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன்.