மறுமொழி: ‘முழுவதும் நிர்வகிக்கப்பட்ட’ வேண்டாம், ‘முழுப் பராமரிப்பு’ என்போம் – தரவோடைக் கொத்துச் சொற்கள்

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு, ஆங்கிலத்தில் ‘fully managed’ என்கிற தரவோடை (data stream) மேகச் சேவைகளுக்குத் தமிழ்ப் பெயராக வந்த ‘முழுவதும் நிர்வகிக்கப்பட்ட மேகத் தரவுத்தாரைக் கொத்துச் சேவை’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த ‘நிர்வகிக்கப்பட்ட’ என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. யார் நிர்வகித்தது, எதை, எதுவரை என்று எதுவும் அதில் இல்லை. கட்டுப்பாட்டுப் பலகத்தில் இந்தச் சொல்லைப் பார்க்கிற புதியவர், சரி, எல்லாவற்றையும் சேவை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொண்டால் தரவு போகும்.

காஃப்கா என்பது செயலிகள் எழுதும் செய்திகளை வாங்கி வைத்து, மற்ற செயலிகள் படிக்கக் கொடுக்கும் மென்பொருள்; பல வழங்கிகள் (server) சேர்ந்து இயங்குவது கொத்து (cluster). காஃப்கா கொத்தைச் சொந்த இயந்திரங்களில் ஓட்டியவர்களுக்கு வேலையின் அளவு தெரியும். வழங்கி படுத்துவிட்டால் மாற்று ஏற்பாடு செய்யணும், வட்டைப் பார்க்கணும், பாதுகாப்புத் திருத்தங்களைப் போடணும், பதிப்பை ஏற்றணும், இத்தனைக்கும் நடுவில், கொத்தை ஒருங்கிணைக்கும் ஸூகீப்பர் என்ற தனி அமைப்பையும் முன்பு உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் வந்த காஃப்கா 4.0-இல்தான் ஸூகீப்பர் முழுசாக விடைபெற்றது. 2018 இறுதியில் அறிவிக்கப்பட்டு 2019-இல் எல்லாருக்கும் திறக்கப்பட்ட, அமேசானின் காஃப்கா சேவையான எம்எஸ்கே (MSK) போன்றவை இந்தச் சுமையைத்தான் நம் தோளிலிருந்து இறக்கின. இந்த வேலைகளுக்குத் தமிழில் ஏற்கெனவே புழங்குகிற சொல் பராமரிப்பு.

ஒரு தலைப்பை (topic, ஒரு வகைச் செய்திகள் சேரும் இடம்) எத்தனைப் பிரிவுகளாக (partition) வெட்டுவது, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வழங்கிகளில் எத்தனை நகல் வைப்பது, செய்திகளை எத்தனை நாள் வைத்திருப்பது, யார் எழுதலாம் யார் படிக்கலாம் என்பதெல்லாம் நம் கையில்தான் இருக்கிறது. இது மேலாண்மை. ஆங்கிலம் இரண்டுக்கும் ‘manage’ என்ற ஒரே வினையை வைத்து ஓட்டுகிறது, நமக்கு இரண்டு நல்ல சொற்கள் இருக்கும்போது நாமும் ஏன் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டும்? அவர்கள் செய்வது பராமரிப்பு, நாம் செய்வது மேலாண்மை. ஆகவே என் பரிந்துரை ‘முழுப் பராமரிப்புச் சேவை’. ‘முழுப் பராமரிப்புச் சேவையில் தரவோடைக் கொத்து மேலாண்மை’ என்று ஓர் ஆவணத்துக்குத் தலைப்பு வைத்தால், யார் வேலை எது என்பது தலைப்பிலேயே பிரிந்துவிடுகிறது.

இது வெறும் சொல்நயம் இல்லை என்பதற்கு ஒன்றைப் பாருங்கள். மூன்று வழங்கிகள் உள்ள கொத்து. சேவை நிறுவனம் திருத்தம் போடும்போது அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தி எழுப்பும், அதுதான் சரியான முறை. உங்கள் தலைப்புக்கு 3 நகல், குறைந்தபட்ச ஒத்திசைவு நகல் (எழுதும்போது பின்தங்காமல் இருக்க வேண்டிய நகல்களின் எண்ணிக்கை) 2 என்று வைத்திருந்தால் ஒரு வழங்கி இல்லாத நேரத்திலும் எழுதுவது நிற்காது. யாரோ அவசரத்தில் 1 நகலோடு உருவாக்கிவிட்டுப் போன தலைப்பு என்றால், அந்த வழங்கி எழுந்து வரும்வரை அதிலுள்ள பிரிவுகளில் எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது. இன்னொருவர் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துக் குறைந்தபட்ச ஒத்திசைவை 3 ஆக்கியிருப்பார், ஒன்று குறைந்த உடனேயே, எல்லா ஒத்திசைவு நகல்களின் உறுதியையும் கேட்டு எழுதுகிற செயலிகளுக்கெல்லாம் பிழைதான் திரும்பும். இரண்டிலும் பராமரிப்பு ஒழுங்காக நடந்தது, மேலாண்மைதான் சறுக்கியது. ‘முழு மேலாண்மைச் சேவை’ என்று நாம் எழுதி வைத்திருந்தால் இதைப் படிப்பவருக்கு எப்படி விளக்குவோம்?

இந்த எல்லைக்கோடு எல்லாச் சேவையிலும் ஒரே இடத்தில் இருக்காது என்பதும் உண்மை. அப்பாச்சி காஃப்காவில் புது வழங்கியைச் சேர்த்தால் பழைய பிரிவுகள் தானாக அங்கே குடிபோகா, நாம்தான் நகர்த்தணும், இல்லாவிட்டால் அது காசு வாங்கிக்கொண்டு சும்மா நிற்கும். சில சேவைகள் அந்த நகர்த்தலையும் தாங்களே செய்கின்றன. வழங்கி என்ற ஒன்றையே கண்ணில் காட்டாத வகைகளும் வந்துவிட்டன. ஆனாலும் பிரிவு எண்ணிக்கையும், செய்திகளை வைத்திருக்கும் இருப்புக் காலமும் பெரும்பாலும் நம்மிடமே தங்குகின்றன, அதனால் பெயர் நிற்கும்.

சரி, மற்ற சொற்கள்.

‘stream’ என்பதற்குத் தாரையா ஓடையா என்ற கேள்விக்கு என் வாக்கு ஓடைக்கு. தாரை கொட்டினால் போயிற்று. ஓடையில் ஆளாளுக்குத் தம் வசதிப்படி மொண்டுகொள்ளலாம், காஃப்காவில் நடப்பதும் அதுதான், ஒரே தலைப்பைப் படிக்கும் செயலிகளின் பல குழுக்கள் தத்தம் வேகத்தில் படிக்கின்றன, ஒருவர் படித்ததால் மற்றவருக்குக் குறைவதில்லை. ‘தரவோட்டம்’ வேறு பொருளில் ஏற்கெனவே புழங்குவதால் அதைத் தொட வேண்டாம். கொத்தா கொத்தணியா என்பதில் எனக்குச் சண்டை இல்லை, தொகைச்சொல் அமைக்கக் கொத்து சுருக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கொத்தில் உள்ள வழங்கியை ஆங்கிலத்தில் ‘broker’ என்பதால் வந்த ‘தரகர்’ வேண்டவே வேண்டாம். அது ஆளைக் குறிக்கும் சொல், கூடவே கமிஷன் வாசனையும் வரும். வழங்கி என்ற சொல் கணிமையில் நிலைத்துவிட்டது, எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையில் நிற்பது என்பதால் ‘இடைவழங்கி’ என்றால் போதும். மேலே நான் வெறும் வழங்கி என்று எழுதிய இடங்களிலெல்லாம் அதைப் போட்டுப் படித்துப் பாருங்கள், எங்கேயும் இடறவில்லை.

நான் அழுத்திக் கேட்க விரும்புவது அடுத்த சொல்லைப் பற்றி. படிக்கும் செயலி பின்தங்கும் அளவை (lag) ‘தாமதம்’ என்று பட்டியலில் போட்டிருக்கிறோம். அது தவறான பொருள் தரும். தாமதம் நேரத்தின் அளவு, இங்கே அளப்பது எண்ணிக்கை. ஒரு பிரிவின் முனை 50,000-ஆம் இடத்தில் இருக்கிறது, குழு 48,200 வரை முடித்துவிட்டதாகப் பதிந்திருக்கிறது என்றால் மிச்சம் 1,800 செய்திகள். இதற்கு ‘நிலுவை’ என்ற சொல் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. பாக்கி வைத்திருக்கிறோம், தீர்க்கணும் என்ற உணர்வும் அதில் தானாக வந்துவிடுகிறது. ‘பிரிவு 7-இன் நிலுவை ஏறிக்கொண்டே போகிறது’ என்று எழுதிப் பாருங்கள், இரவுப் பணியில் இருப்பவருக்கு அகராதி தேவைப்படாது. தாமதத்தை, ஒரு செய்தி போய்ச் சேர எடுக்கும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ‘மொத்த நிலுவை’, ‘பிரிவு நிலுவை’ என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதும் நல்லது, மொத்தம் குறைவாகத் தெரியும்போதே ஒரே ஒரு பிரிவு மட்டும் சிக்கிக்கொண்டு நிற்பது உண்டு.

நிலுவையோடு ஒட்டியது இருப்புக் காலம். ‘retention’ என்பதைத் ‘தக்கவைப்பு’ என்று சிலர் எழுதியிருந்தார்கள், தவறில்லை, ஆனால் அது ஊழியரைத் தக்கவைப்பது போல ஒலிக்கிறது. காஃப்காவில் இயல்பான அளவு 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம். கெடு தாண்டிய செய்திகளை அது படித்தாயிற்றா இல்லையா என்று பாராமல் அழித்துவிடும். ‘நிலுவை தீரும் முன் இருப்புக் காலம் முடிந்தால் தரவு இழப்பு’ என்று உதவிப் பக்கத்தில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். இரு சொற்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால்தான் இவற்றைச் சேர்த்தே ஏற்க வேண்டும் என்கிறேன்.

அப்புறம் ‘மறுசமன்’. ஆங்கிலத்தில் ‘rebalance’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு நிகழ்வுகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். படிக்கும் குழுவில் ஒரு செயலி கூடினாலோ குறைந்தாலோ பிரிவுகளை அவற்றுக்குள் மறுபடி பிரித்துக்கொடுப்பது ஒன்று, பிரிவுகளையே ஓர் இடைவழங்கியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது இன்னொன்று. இரண்டாவதில் ஜிகாபைட் கணக்கில் தரவு நகர்கிறது, முதலாவதில் தரவு இடம் மாறுவதே இல்லை. முன்னதை ‘மறுபங்கீடு’ என்றும் பின்னதைப் ‘பிரிவு இடமாற்றம்’ என்றும் பிரித்துவிடலாம்.

‘பிரிவு’ என்று நானே பல முறை எழுதிவிட்டேன், அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ‘பகிர்வு’ பகிர்தலோடு குழம்புகிறது, ‘கிளை’ கிட் (Git) என்ற நிரல் பதிப்பு மென்பொருளில் வேறொன்றுக்குப் போய்விட்டது, ‘கூறு’ வினையாகவும் படிக்கப்படும். இதன் எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்க முடியாது. கூட்டினாலும் ஒரே திறவுகோல் (key, எந்தப் பிரிவு என்று தீர்மானிக்கும் அடையாளம்) உள்ள புதுச் செய்திகள் பழையவை இருக்கும் பிரிவை விட்டு வேறு பிரிவுக்குப் போகக்கூடும், அவற்றின் வரிசை கெடலாம். அவ்வளவு முக்கியமான முடிவு தாங்குகிற சொல் என்பதால் கொஞ்சம் கூடுதலாக யோசிக்கலாம். இதைவிடப் பொருத்தமாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், மற்றவற்றை இந்தச் சுற்றிலேயே பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்.