கம்பளத்தில் மொட்டைத் திட்டு, சிவப்புக் குருணை: டோபியில் கழுவக் கொடுக்கலாமா?

சிப்புட் பேத்தி (சுங்கை சிப்புட், பேராக்):

வணக்கம். தாத்தா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். பெரிய துரை ஊருக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை விற்றார். தாத்தா வாங்கியது ஒரு சின்னக் கம்பளம், மூன்றடிக்கு ஐந்தடி. அடர்சிவப்பு, வரிசை வரிசையாக எட்டுமூலைப் பூக்கள், ஓரத்தில் பாலாடை நிறக் கரை. லயத்து வீட்டில் அதை யாரும் மிதித்ததில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் விரிப்பார்கள். அம்மாவைப் பார்க்க வந்த அன்று அப்பா உட்கார்ந்ததும் அதன் மேல்தான்.

பாட்டி தவறிய பிறகு பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். நான்கு வருடம் ஆகிவிட்டது. தீபாவளிக்கு ஹாலில் போடலாம் என்று எடுத்துப் பிரித்தால் பூசணம் பிடித்த வாடை. மூன்று இடத்தில் முடி உதிர்ந்து மொட்டையாகி, வெள்ளை நூல் தெரிகிறது. தரையில் சீனி கொட்டினது போலக் குருணை, அதுவும் சிவப்பு நிறத்தில். பதறிப்போய் ஒரு மூலையைச் சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும் போட்டுத் தேய்த்தேன். சிவப்பு இறங்கிக் கரை ரோஸ் நிறமாகிவிட்டது. அதோடு நிறுத்திவிட்டேன்.

இங்கே ஒரு டோபிக் கடையில் 80 வெள்ளிக்கு மெஷினில் கழுவி மறுநாளே தருகிறார்களாம். கொடுக்கலாமா? தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

பீடோர் அக்கா:

டோபி எல்லாம் வேண்டாம்மா. நல்ல வெயிலில் மூன்று நாள் காயப்போட்டு, அந்துருண்டை போட்டுச் சுற்றி வை. எங்கள் வீட்டுப் பாய், மெத்தை எல்லாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

கம்பளக்கடை 19 வருடம் (கிள்ளான்):

தங்கச்சி, டோபிக்கும் போகவேண்டாம், தண்ணீரும் இனி தொடவேண்டாம். அக்கா சொன்ன வெயிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சிலது பார்த்துச் சொல்லுங்கள்.

கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்கப் பூ பின்பக்கமும் தெளிவாகத் தெரிகிறதா, இல்லை துணி ஒட்டியிருக்கிறதா? குஞ்சம் கம்பளத்துக்குள்ளிருந்தே நீண்டு வருகிறதா, தனியாகத் தைத்ததா? அப்புறம், உதிர்ந்த முடியில் ஒன்றை எடுத்து இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். என்ன வாசம் வருகிறது?

சிப்புட் பேத்தி:

பார்த்துவிட்டேன் அண்ணே. துணி இல்லை. பூ பின்பக்கமும் அப்படியே தெரிகிறது, பொடிப் பொடி முடிச்சுகளாக. வரிசைகள் கொஞ்சம் கோணலாகப் போகின்றன. குஞ்சம் உள்ளேயிருந்துதான் வருகிறது. முடியைக் கொளுத்தினால் தலைமுடி பொசுங்கும் வாசம். மொட்டைத் திட்டு பக்கத்தில் அரிசி அளவுக்கு வெள்ளையாகக் குழல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் எடுத்தேன், பஞ்சு போல இருந்தது.

கம்பளக்கடை 19 வருடம்:

அப்படியானால் கையால் முடிச்சுப் போட்ட அசல் கம்பளம்தான். முடி ஆட்டு உரோமம், பாவு, அதாவது முடிச்சுகளைத் தாங்கும் நீள நூல், பருத்தி. எட்டுமூலைப் பூவை வியாபாரத்தில் யானைப் பாதம் என்போம், ரகத்தின் பெயர் போக்காரா. துருக்மேனியர் நெய்ததை புகாரா சந்தையில் விற்றதால் வந்த பெயர். பிற்பாடு பாகிஸ்தானிலும் இதே பூவை நிறைய நெய்தார்கள். உங்களுடையது எந்த ஊர் என்று நேரில் பார்க்காமல் சொல்லமாட்டேன்.

உங்கள் எதிரி பூசணமில்லை, அந்து. அந்தப் பூச்சி பறக்கும்போது எதையும் தின்னாது, தின்பதெல்லாம் புழுதான். அதுவும் உரோமத்தைத்தான் தின்னும், பருத்தியைத் தொடாது. அதனால்தான் வெள்ளைப் பாவு மிஞ்சி நிற்கிறது. சிவப்புக் குருணை அதன் எச்சம். தின்ற உரோமத்தின் சாயம் அப்படியே வெளியே வரும். வெள்ளைக் குழல் அது தனக்குக் கட்டிக்கொண்ட கூடு.

இப்போது செய்யவேண்டியது. வாசலில் வெள்ளை விரிப்புப் போட்டு, கம்பளத்தைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கம் உள்ளங்கையால் மெதுவாகத் தட்டுங்கள். கொட்டுகிற மணலைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். முடியின் அடியில் தங்கும் மணல் கத்தி மாதிரி. மிதிக்க மிதிக்க அறுக்கும். பிறகு வேக்குமில் சுழலும் பிரஷைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் இழுங்கள். பூனையைத் தடவுகிற மாதிரி கையை ஓட்டினால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் எதிர்க்கும். வழுக்குகிற பக்கமாகவே இழுக்கவேண்டும். குஞ்சத்தின் பக்கம் வேக்கும் போகக்கூடாது.

வெயிலில் காலையில் ஒரு மணி நேரம், இரண்டு பக்கமும் காட்டலாம். வெளிச்சம் புழுவுக்கு ஆகாது. நாள் முழுக்கப் போட்டால் சாயம் வெளுக்கும். அந்துருண்டை வாடை உரோமத்தில் ஏறினால் லேசில் போகாது.

புழுவையும் முட்டையையும் தீர்க்கக் குளிர்தான் வழி. தெரிந்தவர்களிடம் கோழி வைக்கிற பெரிய ஃப்ரீசர் பெட்டி இருந்தால் கேளுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சுருட்டி, கனமான பிளாஸ்டிக்கில் காற்றை வெளியேற்றி டேப் ஒட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த உடனே பிரித்துவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும், இல்லாவிட்டால் வெளியே இருக்கும் ஈரம் கம்பளத்தில் வேர்த்து நிற்கும்.

சாயம் இறங்கியது சுடுதண்ணீராலும் சவர்க்காரத் தூளின் காரத்தாலும். தூளில் கறை தின்னும் என்சைமும் இருக்கும். ரத்தம், முட்டைக் கறை மாதிரி உரோமமும் புரதம்தான், அதையும் அரிக்கும். ரோஸ் கறையைப் போக்க குளோரின் பக்கம் போய்விடாதீர்கள். குளோரின் உரோமத்தையே கரைத்துவிடும். காய்ந்துவிட்ட கறையை அப்படியே விடுங்கள்.

தாமான் மருமகன் (பாகான் செராய்):

இடையில் ஒரு சந்தேகம் அண்ணே. வீட்டில் வந்து விற்றவரிடம் 'கையால் செய்தது' என்று ஒன்று வாங்கினோம். பின்பக்கம் கேன்வாஸ் ஒட்டியிருக்கிறது, வெள்ளையாகத் தூள் கொட்டுகிறது. அந்துவா?

கம்பளக்கடை 19 வருடம்:

இல்லை தம்பி, அது பசை. கைத் துப்பாக்கியால் துணியில் நூலைக் குத்தி, ரப்பர் பாலில் ஒட்டிச் செய்த ரகம். கையால் செய்தது என்றது பொய்யில்லை, ஆனால் முடிச்சுக் கம்பளம் இல்லை. பசை வயதாகி உதிர்கிறது. நனைத்தால் இன்னும் சீக்கிரம் விட்டுப்போகும்.

சிப்புட் பேத்தி (மூன்று வாரம் கழித்து):

அண்ணே, தட்டினதில் ஒரு பிடி மணல் வந்தது. பொடியாக, செம்மண் நிறத்தில். அம்மா அதைப் பார்த்து, "இது லயத்து வாசல் மண்" என்றார். பெருக்கித் தள்ள மனம் வராமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.

மழை விடவில்லை. அதனால் நாற்காலிகள் மேல் பரத்தி, கீழே ஒன்று மேலே ஒன்று என்று காற்றாடி வைத்து, ஏர்கானை ட்ரை மோடில் போட்டு இரண்டு நாள் காயவிட்டேன். வாடை பெரும்பாலும் போய்விட்டது. அப்புறம் மாமாவின் ஃப்ரீசர் பெட்டியில் 15 நாள். நேற்றுப் பிரித்து வெள்ளைத் தாள் மேல் ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தேன். ஒரு குருணைகூட இல்லை.

குஞ்சம் ஒரு முனையில் அவிழ்ந்து, பக்கத்து முடிச்சும் தளர்ந்திருந்தது. பருத்தி நூலால் ஓரத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டேன். மொட்டைத் திட்டுக்கு முடிச்சுப் போடுகிற கைக்காரர் ஈப்போ பக்கம் யாராவது உண்டா? அதுவரை அந்தப் பக்கத்தை சோபாவுக்கு அடியில் தள்ளிவிடலாமா?

கம்பளக்கடை 19 வருடம்:

மனம் குளிர்ந்தது தங்கச்சி. பாவு உறுதியாக இருக்கிறது, முடிச்சுக்கு அவசரமில்லை. சோபாவுக்கு அடியில் மட்டும் வேண்டாம், ஆள் நடக்காத இருட்டில்தான் அந்து முட்டை வைக்கும். மொட்டைப் பக்கம் ஜன்னலைப் பார்த்து இருக்கட்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். பண்டிகை முடிந்து எடுத்து வைத்தால் மடிக்காமல் சுருட்டி, பிளாஸ்டிக் இல்லாமல் பழைய பருத்திச் சேலையில் சுற்றி வையுங்கள்.