ஆலையில் மாட்டிய ரூட்டர்: எந்த இணைப்பு உங்களைக் காலை வாரியது?

ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து:

அண்ணன்மாரே, இங்கே ஒரு செம்பனை ஆலையில் ஒயர்மேனாகச் சேர்ந்திருக்கிறேன். எடைமேடை, பாய்லர், கழிவுநீர்க் குளத்துப் பம்ப், இந்த மூன்றையும் அலுவலகத்தோடு இணைக்க இன்டஸ்ட்ரியல் ரூட்டர் மாட்டப் போகிறார்கள். வீட்டு ரூட்டர் எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் இதன் முகத்தில் பச்சை நிற ஸ்குரு டெர்மினல், இரண்டு வகை ஆண்டெனா, ஆர்எஸ்-485, டிஐ, டிஓ என்று என்னென்னமோ இருக்கிறது. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

தெலுக் இந்தானிலிருந்து:

தம்பி, மாட்டுவதற்கு முன்னாலேயே கேட்டாயே, அதுவே பெரிய விஷயம். பல வருஷமாக பெர்னாம் ஆற்றோரத்து ஆலைகளில் இதே வேலைதான் பார்க்கிறேன். நான் பார்த்தவரை பெட்டி தானாகச் சாவது அபூர்வம். மைனஸ் 40லிருந்து 75 டிகிரி வரை தாங்கும் என்று அச்சடித்து வருகிற அந்த உலோகப் பெட்டிக்கு நம் ஊர் வெயில் ஒரு பொருட்டே இல்லை. தொல்லையெல்லாம் வெளியிலிருந்து வயர் வந்து சேர்கிற இடத்தில்தான். ரூட்டர் போச்சு, வேறு வாங்கு என்று யாராவது சொன்னால், முதலில் ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பார்.

பவர் டெர்மினலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு ஆலையில் காலையில் பிரஸ் மோட்டார் ஓடத் தொடங்கினால் போதும், ரூட்டர் அணைந்து மறுபடி எழுந்துகொள்ளும். சாப்ட்வேர்தான் கோளாறு என்று புது வெர்ஷன் எல்லாம் ஏற்றிப் பார்த்திருந்தார்கள். நான் அந்தப் பச்சை பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பல இழை உள்ள வயரை அப்படியே முறுக்கி உள்ளே செருகியிருந்தார்கள், பாதி இழை ஸ்குருவுக்கு வெளியே விரிந்து கிடந்தது, உள்ளே மாட்டிய சில இழைகளும் கறுத்துப் போயிருந்தன. மோட்டார் கிளம்பும்போது தரை அதிர்ந்தால் அந்தச் சில இழையும் விட்டுவிடும். வயர் நுனியில் பெரூல் என்கிற சின்ன உலோகக் குழாயைப் போட்டு அமுக்கி, ஸ்குருவை ஒழுங்காக இறுக்கினோம், அதோடு தொல்லை தீர்ந்தது. பல மாடல்கள் 9லிருந்து 36 வோல்ட் டிசி வரை ஏற்கும், சில 48 வரைக்கும் போகும், அதனால் 24 வோல்டில் சின்ன ஏற்ற இறக்கம் வந்தாலும் பெட்டி சமாளித்துக்கொள்ளும். வயர் விட்டுவிட்டால் அது என்ன செய்யும் பாவம்.

அப்புறம் ஆண்டெனா. இதை மட்டும் நன்றாக மனசில் வைத்துக்கொள். 4ஜி ஆண்டெனா மாட்டுகிற இடம் எஸ்எம்ஏ என்கிற திருகு கனெக்டர், வைஃபை ஆண்டெனா மாட்டுகிற இடம் பெரும்பாலும் ஆர்பி-எஸ்எம்ஏ. மரை இரண்டுக்கும் ஒன்றுதான், மாற்றித் திருகினாலும் சுகமாக ஏறிவிடும். வித்தியாசம் நடுவில். ரூட்டரின் 4ஜி சாக்கெட்டில் நடுவே துளை, அதற்கு வருகிற ஆண்டெனாவில் பின். வைஃபையில் இது அப்படியே தலைகீழ், பின் சாக்கெட்டில் நிற்கும், ஆண்டெனாவில் துளை இருக்கும். வைஃபை ஆண்டெனாவை 4ஜி சாக்கெட்டில் ஏற்றினால் துளையும் துளையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும், உள்ளே எதுவும் தொடாது. 4ஜி ஆண்டெனாவை வைஃபை பக்கம் இறுக்கினால் பின்னும் பின்னும் முட்டி வளைந்துவிடும், அது இன்னும் மோசம்.

ஒரு தோட்டத்து அலுவலகத்தில் சப்ளையர் ஆள் இப்படித்தான் மாற்றி ஏற்றிவிட்டுப் போயிருந்தார். சிக்னல் மைனஸ் 115 டிபிஎம் பக்கத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது, இந்த அளவு பூஜ்யத்தை நெருங்க நெருங்கத்தான் நல்லது. டவர் தூரம், செம்பனை மரம் மறைக்கிறது என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள், சிம்மைக்கூட மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். சரியான ஆண்டெனாவைத் திருகியதும் மைனஸ் 90க்கு வந்துவிட்டது. கையால் இறுக்கினால் போதும், பிளையர் வேண்டாம். மெயின், ஆக்ஸ் என்று 4ஜிக்கு இரண்டு சாக்கெட் இருந்தால் இரண்டிலும் ஆண்டெனா போடு, ஒன்றைக் காலியாக விட்டால் வேகம் குறையும்.

ஆண்டெனாவைக் கூரைமேல் வைக்கச் சொல்வார்கள், சரிதான், ஆனால் பெட்டியைக் கீழேயே வைத்துவிட்டு மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 10 மீட்டர் இழுத்தால் 4ஜி அலையில் பாதிக்கு மேல் கேபிளிலேயே கரைந்துவிடும். அதைவிடப் பெட்டியை ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் மேலே கொண்டுபோய் வை, அங்கிருந்து கீழே ஈத்தர்நெட் கேபிளை இறக்கு. அது 100 மீட்டர் வரை தாங்கும். வெளியே இருக்கிற கனெக்டரில் தண்ணீர் ஏறாதபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்று, சாதாரண கறுப்பு டேப் நம் மழைக்கு நிற்காது.

எடைமேடைக்கு வருகிறேன். எடையைக் காட்டுகிற பழைய இண்டிகேட்டரில் பெரும்பாலும் ஆர்எஸ்-232 என்கிற சீரியல் இணைப்புதான் இருக்கும், அது 15 மீட்டர் தூரத்துக்குத்தான் நம்பலாம். எடைமேடை எங்கே, அலுவலகம் எங்கே! லோரி மேடையில் ஏறி நிற்கும், எடை வரும், சில நேரம் நடுவில் ஒரு எண் விழுந்துவிடும், அலுவலகக் கிராணியும் லோரிக்காரரும் சண்டை போடுவார்கள். எண் விழுந்தால் குலை கொண்டுவந்த சிறுதோட்டக்காரருக்குத்தானே காசு நட்டம், அதனால் இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதே இல்லை. ஆர்எஸ்-485 என்கிற இன்னொரு சீரியல் முறைக்கு மாற்றினால் 1200 மீட்டர் வரை போகலாம். முறுக்கிய ஜோடி வயர் போடு, லைனின் இரண்டு கோடியிலும் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர் வை, நடுவில் இருக்கிற கருவிகளில் வைக்காதே. ஏ, பி என்று போட்டிருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே, ஒரு கம்பெனியின் ஏ இன்னொன்றின் பியாக இருக்கும். பதில் வரவில்லை என்றால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார், ஒன்றும் எரியாது. மூன்றாவதாக இருக்கிற கிரவுண்ட் வயரை விட்டுவிடாதே. இன்னொன்று, கன்சோல் என்று எழுதியிருக்கிற சாக்கெட் சில பெட்டிகளில் ஈத்தர்நெட் மாதிரியே இருக்கும், அதில் போய் நெட்வொர்க் கேபிளைச் செருகாதே.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார், எர்த்தை விட்டுவிட்டார். மின்னல் அதிகம் விழுகிற நாடுகளில் நம் மலேசியாவும் ஒன்று, மழைக்காலத்துச் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். எங்கள் ஆலையில் பம்ப் ஹவுசுக்குத் தரைக்கு மேலே செம்பு ஈத்தர்நெட் கேபிள் போயிருந்தது. ஒரு இடி இடித்தது, மறுநாள் பார்த்தால் ரூட்டர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, அந்த ஒரு போர்ட் மட்டும் செத்துக் கிடக்கிறது. கூடவே அந்தக் கோடியில் இருந்த கண்ட்ரோலரும். இரண்டு கட்டடத்தின் எர்த்தும் இடி நேரத்தில் ஒரே அளவில் நிற்பதில்லை, அந்த வித்தியாசம் முழுக்கக் கேபிள் வழியாகப் பாய்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கட்டடம் விட்டுக் கட்டடம் போகிற எதையும் மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழை பைபரில்தான் போடுகிறோம், அதை மாட்டுவதற்கு எஸ்எப்பி துளை உள்ள மாடலாகக் கேட்டு வாங்குங்கள். பெட்டியின் ஓரத்தில் எர்த் குறி போட்ட ஒரு ஸ்குரு இருக்கும். அதிலிருந்து தடித்த வயரைக் குட்டையாக எடுத்து பேனல் எர்த்தில் கட்டுங்கள். பல இடங்களில் அந்த ஸ்குரு கம்பெனியிலிருந்து வந்தபடியே சும்மா இருப்பதைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

பீடோரிலிருந்து:

கழிவுநீர்க் குளம் என்றாயே தம்பி, அங்கே வருகிற வாயுவில் மீத்தேன் மட்டும் இல்லை, ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கிறது, அழுகிய முட்டை நாற்றம் அதுதான். செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைத்துவிடும். எங்கள் ஆலையில் பயன்படுத்தாத போர்ட்டுகளை மூடாமல் விட்டிருந்தார்கள், பிறகு ஒன்றில் கேபிள் செருகினால் லிங்க் வருவதும் போவதுமாக இருந்தது. சீரியல் போர்ட்டில் எறும்பு கூடு கட்டியிருந்தது. காலி போர்ட் ஒவ்வொன்றுக்கும் ரப்பர் மூடி போடு, பெட்டி வைக்கிற அலமாரியின் கேபிள் துளையையும் கேபிளைச் சுற்றி இறுக்குகிற கிளாண்டு போட்டு அடை. அப்புறம் ஸ்டோரில் கிடக்கும் பழைய ரூட்டரை எடுத்து மாட்டச் சொன்னால் 4ஜி இருக்கிறதா என்று பார்த்துக்கொள், 2021 கடைசியோடு நாட்டில் 3ஜியை நிறுத்திவிட்டார்கள்.

ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து:

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. பாய்லர் பக்கம் அதிர்வு அதிகம், சாதாரண ஈத்தர்நெட் பிளக் தாங்குமா?

தெலுக் இந்தானிலிருந்து:

தாங்காது தம்பி, அந்தப் பிளாஸ்டிக் கொக்கி சூட்டில் உடையும், அதிர்வில் பிளக் நழுவும். திருகி மாட்டுகிற எம்12 கனெக்டர் உள்ள மாடலாகக் கேள். அதில் டி-கோட் வகை என்றால் 4 பின், 100 எம்பிபிஎஸ். ஜிகாபிட் வேண்டுமென்றால் எக்ஸ்-கோட், 8 பின். ஒன்றில் மற்றது ஏறாது, அதனால் கேபிளையும் பெட்டியையும் சேர்த்தே ஆர்டர் போடச் சொல்.