பெற்ற பிள்ளைகளிடம்கூட மறைக்கலாமா?

கயல்விழி:
ஃபிலிஸ் லத்தூரைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இரண்டாம் உலகப் போரில், 1944 மே மாதம், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸின் நார்மண்டியில் பாராசூட்டில் இறங்கிய, எஸ்.ஓ.ஈ. என்ற பிரிட்டிஷ் ரகசிய அமைப்பின் உளவாளி. அவருக்குச் சற்று முன்பு போன ஆண்கள் பிடிபட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். இவர் சோப்பு விற்கும் சிறுமி வேஷத்தில் சைக்கிளில் சுற்றியபடி 135 சங்கேதச் செய்திகளை லண்டனுக்கு அனுப்பினார். போருக்குப் பின் கல்யாணம், நான்கு பிள்ளைகள், கடைசியில் நியூசிலாந்து. மூத்த மகனுக்கு விஷயம் தெரிந்ததே 2000-இல், இணையத்தில் படித்துத்தான்! பெற்றவள் வாயால் கேட்க வேண்டியதை யாரோ எழுதித் தெரிந்துகொள்வது என்ன நியாயம்?

முத்துவேல்:
அம்மா, அவர்கள் ரகசியக் காப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வேலை பார்த்தவர்கள். வாயை மூடுவதுதான் அவர்களுக்குக் கொடுத்த முதல் பயிற்சியே.

கயல்விழி:
சட்டத்தை மட்டும் காரணம் சொல்லாதீர்கள் சார். அதே அமைப்பில் இருந்த ஒடெட் சான்சமின் கதை 1950-லேயே சினிமாவாக வந்துவிட்டது. ஊருக்கே சொல்லலாம், மகனுக்குச் சொல்லக் கூடாதா?

முத்துவேல்:
சரி, சட்டத்தை விடுங்கள். லத்தூர் சங்கேதக் குறிகளைப் பட்டுத் துணியில் எழுதி, கூந்தலைக் கட்டும் நாடாவுக்குள் மறைத்து வைத்திருந்தார். ஒருமுறை ஜெர்மானியர்கள் பிடித்து ஆடையைக் களையச் சொல்லிச் சோதித்தார்கள். ஒரு பெண் நாடாவையே உற்றுப் பார்க்க, இவராகவே அதை உருவித் தலையை உதறிக் காட்டினார். உயிர் தப்பியது. இதைச் சோறு ஊட்டும்போது கதையாகச் சொல்ல முடியுமா? பதக்கங்களைக்கூட அவர் கேட்கவில்லை, குடும்பம்தான் வற்புறுத்தி வாங்க வைத்தது. பட்டவர் அவர். பேசுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையும் அவருடையதுதான்.

சலீம்:
முத்துவேல் அண்ணே, அதே அமைப்பில் உளவாளியாக இருந்த ஐலீன் நியர்னையும் பாருங்கள். நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டாபோவிடம் சிக்கி, சித்திரவதைப்பட்டு, ராவென்ஸ்புரூக் வதைமுகாம்வரை போய் மீண்டவர். 2010-இல் இங்கிலாந்தின் டார்கி நகரில் தன் வீட்டில் தனியாக இறந்துகிடந்தார். உறவினர் யாராவது உண்டா என்று வீட்டைத் துழாவியபோதுதான் பதக்கங்கள் கிடைத்தன. அதுவரை அக்கம்பக்கத்தாருக்கு அவர் யாரென்றே தெரியாது. சொல்லாமல் இருப்பது உரிமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாரத்தைத் தனியாகவே சுமக்க வேண்டியிருக்கிறதே.

கயல்விழி:
அதேதான் சலீம். லத்தூர் 102 வயதுவரை, 2023 வரை இருந்தார். அதனால்தான் விஷயம் தெரிந்த பிறகும் பிள்ளைகளுக்கு அம்மாவிடம் நேரில் கேட்க அவகாசம் இருந்தது. எழுபது வயதிலேயே போயிருந்தால்?