மூக்கு வழியாகக் கட்டி எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

தேன்மொழி67:
மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, 2.4 செ.மீ. மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டு எடுத்தார்கள், அது நன்றாகவே முடிந்தது. உறுத்துவது ஒன்பதாம் நாள் ராத்திரி. கீழே விழுந்த மாத்திரை அட்டையை எடுக்கக் குனிந்தேன். இடது மூக்கிலிருந்து ஒரு சொட்டு, வெறும் தண்ணீர், தரையில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. சளியின் கொழகொழப்பே இல்லை, தொண்டையில் உப்புக் கரித்தது. ஆஸ்பத்திரிக்கு போன் செய்தால் ஜலதோஷமாக இருக்கும் என்றார்கள். மறுநாள் நேரில் போய் நின்றேன். மூளை நீர் கசிவு. தொடையிலிருந்து சவ்வு எடுத்து மறுபடி அடைத்தார்கள்.

கரிசல்காட்டான்:
எனக்கு வளர்ச்சி ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும் கட்டி, கை கால் பெருத்துக்கொண்டே போகும். செருப்பு 8லிருந்து 10 ஆனபோதுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்யாண மோதிரம் சோப்பு போட்டாலும் வராது. ஆபரேஷனுக்கு அப்புறம் நாலாம் நாள் கை கழுவும்போது அது விரலில் லேசாகச் சுழன்றது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அப்பாவின்மகள்:
தேன்மொழி, கசிவு எல்லாருக்கும் வராது. நாளைக்கு ஆபரேஷனுக்குப் போகிறவர் இதைப் படித்தால் என்ன ஆவார்? அப்பாவுக்குக் கட்டி பார்வை நரம்பை அழுத்தி, இரண்டு பக்க ஓரமும் தெரியாமல் இருந்தது. ஐசியூவில் கண் விழித்ததும், தலையைத் திருப்பாமலே, "கதவுப் பக்கம் யாரும்மா நிற்கிறது?" என்றார்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் ரத்தத்தில் புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) பாருங்கள். அதைச் சுரக்கும் வகைக் கட்டி பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரைக்கே சுருங்கிவிடும், கத்தியே வேண்டாம். ஆபரேஷன் ஆனால் டாக்டர் சொல்லும்வரை மூக்கைச் சிந்தாதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். மலச்சிக்கல் வரவிடாதீர்கள், முக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். அடங்காத தாகமும் ஓயாமல் சிறுநீரும் இருந்தால் எவ்வளவு போகிறது என்று அளந்து வையுங்கள், அதற்கு டெஸ்மோபிரசின் என்ற மருந்து உண்டு. வீட்டுக்கு வந்துவிட்டாலும், ஆபரேஷனிலிருந்து ஏழாம் நாளை ஒட்டி ரத்தத்தில் சோடியம் (உப்பு) குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நாங்கள் அதைப் பார்க்காமல் விட்டுவிட்டோம். அப்பா எட்டாம் நாள் சோடியம் இறங்கி, வாந்தியும் குழப்பமுமாக மறுபடி அட்மிட் ஆனார்.

தேன்மொழி67:
பயமுறுத்த எழுதவில்லை அம்மா. தண்ணீராகச் சொட்டினால் யார் என்ன சொன்னாலும் அன்றைக்கே போங்கள் என்பதற்காகத்தான். ஜலதோஷம் என்றதை நம்பி, அன்று ராத்திரி குனிந்து உட்கார்ந்து ஆவி பிடித்தேன்.